கடைப் பக்கம் திறக்கவே மாட்டேங்குது, அவசர உதவி வேணும்

பூம்பாறை_பூண்டு: மலைப்பூண்டு விக்கிற எங்க வெப்சைட் ரொம்ப ஸ்லோ. படமெல்லாம் சின்னதாக்கிட்டேன், கேஷ் பிளகினும் (பக்கத்தைத் தயாரா சேமிச்சு வெச்சுக் குடுக்கற துணை நிரல்) போட்டாச்சு. அப்பவும் சுத்திக்கிட்டே இருக்கு. வாங்க வர்றவங்க பாதியிலயே போயிடறாங்க. பூண்டு தயாரா பரண்ல கிடக்கு. யாராச்சும் சீக்கிரம் சொல்லுங்க.

குன்னூர்_நிரலர்: முகவரி என்ன? வேர்ட்பிரஸ்ங்கற தளம் கட்டற மென்பொருள்லயா போட்டிருக்கீங்க? போன்ல மட்டுமா, கம்ப்யூட்டர்லயுமா? படத்தை எப்படிச் சின்னதாக்கினீங்க?

மன்னவனூர்_மேகம்: சைட் மேல தப்பு இருக்காது. நம்ம பக்கம் சிக்னல் அப்படி. மழை வந்தா எங்க வீட்ல அதுவும் இல்ல.

பழைய_கை: இதே கேள்வி அடிக்கடி வருகிறது. பக்கத்தின் வேகத்தை அளக்கும் கூகுளின் பேஜ்ஸ்பீட் இன்சைட்ஸில் முகவரியைக் கொடுத்து அறிக்கையோடு வந்திருக்க வேண்டும். ‘ஸ்லோ’ என்பது அளவு ஆகாது. திரையின் பெரிய படமோ பத்தியோ தெரிய எத்தனை விநாடி ஆகிறது, அதுதான் எல்சிபி. 2.5 விநாடிக்குள் என்றால் நன்று, 4ஐத் தாண்டினால் மோசம். இந்த அரிச்சுவடி தெரியாமல் கடை போடக்கூடாது.

கூடலூர்_ஹோம்ஸ்டே: சர்வர், அதாவது உங்க பக்கத்தை வெச்சிருக்கற கம்ப்யூட்டர், அமெரிக்காவுல இருக்கும், அதான். எங்களுக்கும் அதே கதைதான். மும்பைக்கு மாத்துங்க.

பூம்பாறை_பூண்டு: வேர்ட்பிரஸ்தான், கடைக்கு வூகாமர்ஸ் பிளகின். போன்லதான் பாக்கறேன். சர்வர் எங்கன்னு தெரியாது. குன்னூர் அண்ணே, முகவரியை என் விவரப் பக்கத்துல போட்டிருக்கேன்.

குன்னூர்_நிரலர்: பார்த்தேன். சர்வர் முதல் பதில் குடுக்க முக்கால் விநாடிதான் ஆகுது. அது குறையணும், ஆனா உங்க நோய் அது இல்ல. முகப்புல பூண்டைக் கத்தை கட்டித் தொங்கவிட்ட படம் இருக்கில்ல, அது போன்ல எடுத்த அப்படியே இருக்கு: அகலம் 4000 பிக்சல், 5 எம்பி. பக்கத்துல அதைச் சின்னதா காட்டச் சொல்லியிருக்கீங்க, ஆனா வாங்கறவர் போனுக்கு முழு 5 எம்பியும் இறங்கித்தான் ஆகணும். நொடிக்கு 2 மெகாபிட் வர்ற இடத்துல அந்த ஒரே படத்துக்கு 20 விநாடி. இது மாதிரி பதினோரு படம் இருக்கு. 800 பிக்சலுக்குக் குறைச்சு வெப்பிங்கற (WebP) எடை குறைஞ்ச பட வடிவத்துல ஏத்துங்க, நூறு கேபிக்குள்ள அடங்கிடும். பூண்டுப் பல்லு மேல இருக்கற ஊதாக் கோடுகூடத் தெளிவா தெரியும்.

இன்னொண்ணு. முகப்புப் படத்துக்கும் லேசி லோடிங், அதாவது படத்தைத் தேவைப்படும்போது மட்டும் இறக்கற வசதி, போட்டிருக்கு. கீழ உருட்டினா வர்ற படத்துக்குத்தான் அது வேணும். முதல் படத்துக்குப் போட்டா பிரவுசர் அதைத் தாமதமாத்தான் தேடும். எடுத்துடுங்க. அதோட கேஷ் பிளகின் ரெண்டு ஓடுது, ஒண்ணு போதும்.

கூடலூர்_ஹோம்ஸ்டே: முக்கால் விநாடி சும்மாவா? கடல் தாண்டிப் போயிட்டு வர்ற ஒவ்வொரு தடவையும் கால் விநாடிக்கிட்ட ஆகும். முதல் பதில் வர்றதுக்குள்ளயே ரெண்டு மூணு தடவை போயிட்டு வருது.

மன்னவனூர்_மேகம்: அட, சென்னையில திறந்து பாருங்க, பறக்கும். டவர் போட்டாத்தான் தீரும்.

கூடலூர்_ஹோம்ஸ்டே: டவர் வர்ற வரைக்கும் கடையை மூடிட்டு இருக்கவா? 2024 மே 7லேர்ந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வர்ற வண்டிக்கு இ-பாஸ், அதாவது ஆன்லைன்ல எடுக்கற அனுமதி. அதை எடுக்க மலையேற வழியில வண்டியை ஓரங்கட்டிட்டு, ஒரு கட்ட சிக்னல்ல போனைக் கையில வெச்சுட்டு நிக்கறவங்களை நான் பார்க்கறேன். அவங்களுக்கும் பக்கம் திறக்கணும். மலையில கடை வெச்சவங்க எடை குறைச்சுத்தான் பக்கம் போடணும்.

பழைய_கை: தமிழ் எழுத்துருவை யாரும் கவனிக்கவில்லை. நான்கு தடிமனில் இறங்குகிறது. ஒன்றை மட்டும் வைத்து, ஃபான்ட்-டிஸ்ப்ளே என்ற எழுத்துரு அமைப்பை ஸ்வாப் என மாற்றுங்கள். எழுத்துரு வரும்வரை போனில் உள்ள எழுத்திலேயே விலை தெரியும்.

குன்னூர்_நிரலர்: இது நல்ல யோசனை, நான் விட்டுட்டேன். ஆனா பழைய கை, அரிச்சுவடி கேட்கறவங்களுக்கும் இங்க இடம் உண்டு. 2019ல புவிசார் குறியீடு வாங்கின பூண்டு. அதை விளைவிச்சவங்க நேரா விக்கட்டுமே.

பழைய_கை: கேட்க வேண்டாம் என்று சொல்லவில்லை. அளந்துவிட்டுக் கேளுங்கள் என்றேன்.

பூம்பாறை_பூண்டு: பதினோரு படமும் மாத்தி ஏத்திட்டேன். முகப்புல லேசி எடுத்தாச்சு. இப்ப எங்க வீட்டு வாசல்லயே மூணு விநாடிக்குள்ள வருது. மதுரையிலேர்ந்து ரெண்டு ஆர்டர். கட்டி பஸ்ல போடணும், எழுத்துரு ராத்திரி பார்க்கறேன். ரொம்ப நன்றி அண்ணே.

கூடலூர்_ஹோம்ஸ்டே: ரெண்டு கேஷ் பிளகின்ல எதை எடுத்தீங்க? எனக்கும் வேணும்.

கூடலூர்_ஹோம்ஸ்டே: பூம்பாறை, இருக்கீங்களா?