பள்ளிக்கூடத்துக்கு வளைவு வேண்டாம், ஓட்டோ வேண்டும்

அன்பான ஊரவர்களுக்கு வணக்கம்.

நத்தாருக்கு யாழ்ப்பாணத் தீவுப் பக்கத்து எங்கள் ஊருக்குப் போய் வந்தவர்கள் இராப்பூசைப் படங்களையும் பாலன் குடில் படங்களையும் குழுவில் போட்டுவிட்டார்கள். பள்ளிக்கூடத்தைப் பற்றி ஒருவரும் எழுதவில்லை. நான் டிசம்பர் முதற் கிழமையே போனபடியால் தவணை முடிய முன்னம் அங்கே போகக் கிடைத்தது. பள்ளிக்கூடத்து நத்தார் விழாவான ஒளிவிழாவும் பார்த்தேன், அதிபரோடு ஆறுதலாக இருந்து கதைக்கவும் முடிந்தது. பள்ளிக்கூடத்துக்கு நுழைவாயில் வளைவு கட்டுவது பற்றிச் சித்திரைக் கூட்டத்தில் முடிவெடுப்போம் என்று எங்கள் சங்கச் செயலாளர் எழுதியிருக்கிறார். அந்தக் காசைப் பிள்ளைகளை ஏற்றி இறக்கிற ஓட்டோவுக்குக் கொடுக்கலாம் என்பது என் எண்ணம், அதனால் கூட்டத்துக்கு முன் இதை ஒருக்கால் வாசித்துவிடுங்கள். கொஞ்சம் நீளும்.

முதலில் சந்தோசச் செய்தி. ஐந்தாம் வகுப்புப் புலமைப்பரிசில் பரீட்சையில் எங்கள் பிள்ளை ஒன்று வெட்டுப்புள்ளிக்கு மேலே எடுத்திருக்கிறது. தகப்பன் கடற்றொழிலுக்குப் போகிறவர், தாய் நண்டுக் கம்பனிக்கு வேலைக்குப் போகிறவர். ரியூசன் என்று ஒன்றும் இல்லை. பின்னேரத்தில் ரீச்சர்மார் மறித்து வைத்துப் படிப்பித்ததுதான். சந்தியில் அந்தப் பிள்ளையின் படம் போட்ட பெரிய பதாகை தொங்குகிறது, அதுவும் சரிதான். ஆனால் 70 புள்ளிக்கு மேலே எடுத்து சித்திச் சான்றிதழ் வாங்கிய மற்றப் பிள்ளைகளுக்கு ஒரு கைதட்டு கூட இல்லை. பத்து வயதுப் பிள்ளையைப் பதாகையில் ஏறினவர், ஏறாதவர் என்று பிரிக்கிற இந்தப் பழக்கம் எனக்குப் பிடிக்கவில்லை. அதிபருக்கும் பிடிக்கவில்லை, ஊருக்குப் பயந்து பேசாமல் இருக்கிறார்.

ஒளிவிழா மண்டபத்தில் இல்லை, வேப்பமரத்தடியில்தான் நடந்தது. மேடை என்றால் வாங்குகளை ஒட்டி வைத்து மேலே பாய் விரித்ததுதான். மாட்டுக் கொட்டிலுக்கு நிஜ வைக்கோல் கட்டி வைத்திருந்தார்கள். இடையனாக நடித்த மூன்றாம் வகுப்புப் பெடியன், 'நிஜ ஆடு வேண்டும்' என்று அடம்பிடித்து வீட்டுக் குட்டியைக் கொண்டுவந்துவிட்டான். சம்மனசு வந்து "அஞ்சாதீர்கள்" என்று சொல்லத் தொடங்க, குட்டி தீவனத் தொட்டியில் பாலனுக்குப் போட்ட வைக்கோலைத் தின்னத் தொடங்கிவிட்டது. மாதாவாக இருந்த பிள்ளை ஒரு கையால் பாலனைத் தூக்கிக்கொண்டு மற்றக் கையால் ஆட்டின் காதைப் பிடித்து இழுத்தது, வசனம் ஒன்றும் விடவில்லை. மூன்று இராசாக்களில் ஒருவருடைய நெற்றியில் திருநீறு. காலையில் வீட்டில் பூசினது, கிரீடத்துக்குக் கீழே அப்படியே தெரிந்தது. அதை அழிக்கவேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. பங்குச் சுவாமிதான் அந்த இராசாவோடு நின்று முதலில் படம் எடுத்தார்.

இதைச் சொல்லக் காரணம் இருக்கிறது. 'எங்கள் கத்தோலிக்கப் பள்ளிக்கூடம்' என்று நாங்கள் இங்கே மடலுக்கு மடல் எழுதுகிறோம். இன்றைக்குப் படிக்கிற பிள்ளைகளில் ஏறக்குறைய பாதி சைவப் பிள்ளைகள். ஒரே மணிக்கு ஒரு பக்கம் கத்தோலிக்க திருமறை நடக்கும், விறாந்தையின் மற்றப் பக்கம் சைவநெறி நடக்கும். நவராத்திரிக்கு வாணி விழா, டிசம்பரில் ஒளிவிழா. இரண்டுக்கும் அவல் கடலை கொடுக்கிறது அதே அம்மாமார்தான்.

புதுத் தலைமுறைக்காக ஒரு விஷயத்தையும் சொல்ல வேண்டும். போன மடலில் பாரிசில் இருந்து ஒரு தம்பி, 'பள்ளிக்கூடத்தை ஆயர் இல்லம் ஏன் திருத்தித் தருவதில்லை' என்று கேட்டிருந்தார். பள்ளிக்கூடம் ஆயர் இல்லத்திடம் இல்லை, தம்பி. 1960 வரைக்கும் இருந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமலமரித் தியாகிகள் சபைக் குருக்கள் யாழ்ப்பாணத்துக்கு வந்த பிறகு, யாழ்ப்பாண ஆயர் பொஞ்சீன் ஆண்டகை காலத்தில், கோயில் இருக்கிற இடமெல்லாம் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடம் என்று எழும்பியது. ஓலைக் கொட்டில், மண் நிலம், ஒரு சட்டம்பியார் (வாத்தியார்). பங்குச் சுவாமிதான் முகாமையாளர், ஆசிரியருக்குச் சம்பளம் அரசாங்க உதவிப் பணத்தில். 1960ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தோடு அந்த டிசம்பரில் உதவி பெறும் பள்ளிகளை அரசாங்கம் பொறுப்பெடுத்தது. பெரிய கல்லூரிகள் சிலவற்றுக்குக் கட்டணம் வாங்காமல் தனியாக நடத்தலாம் என்ற தெரிவு இருந்தது. அதற்கு வசதி உள்ளவர்கள் அப்படியே நின்றார்கள். எங்களைப் போன்ற சின்னக் கலவன் பாடசாலைகளுக்கு அந்தக் கதையே இல்லை. கொழும்பில் பெற்றோர் வகுப்பறைகளுக்குள் போய் இருந்து மறித்தார்கள், பம்பாயில் இருந்து கர்தினால் கிரேசியஸ் வந்து பேசினார். தீவுப் பக்கத்தில் கையெழுத்துப் போட்டுச் சாவியைக் கொடுத்ததோடு சரி. பெயரில் 'றோ.க.' (றோமன் கத்தோலிக்க) இன்னும் இருக்கிறது. மற்றதெல்லாம் வலயக் கல்வி அலுவலகம்தான். கிணறு மட்டும் கோயில் வளவுக்குள் நிற்கிறது, அதுவும் உப்புத் தண்ணி. குடிக்கிற தண்ணி பவுசரில் வருகிறது.

அலுமாரியில் பழைய சேர்விடாப்பு ஒன்று இருக்கிறது. 1990 இடப்பெயர்வில் மற்ற எல்லாப் பதிவும் போய்விட்டது. இதை மட்டும் ஒரு ரீச்சர் சீலைப் பெட்டிக்குள் வைத்து யாழ்ப்பாணம் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருக்கிறார். அதிபர் எடுத்துக் காட்டினார். தகப்பன் தொழில் என்ற நிரலில் கடற்றொழில், கடற்றொழில், இடைக்கிடை 'கடை, கொழும்பு', 'கடை, குருநாகல்'. விலகிய காரணம் என்ற நிரலில் முதற் பக்கங்களில் 'மேற்படிப்பு', சிலதில் 'வேறு இடம்'. பிறகு ஒரே நாளில் முழுப் பக்கமும் ஒரே கையெழுத்தில் 'இடம்பெயர்வு'. மீளக் குடியேறிய பிறகு எழுதின பக்கங்களில் 'வெளிநாடு' வரத் தொடங்குகிறது. உங்களில் பலருடைய பெயர் அதில் இருக்கிறது. மூலை எல்லாம் பூச்சி அரித்துவிட்டது. யாராவது நல்ல கமராவோடு போனால் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து வையுங்கள், இதற்குக் கூட்டம் போட்டு முடிவெடுக்கத் தேவையில்லை.

சரி, இனி வளைவு.

லண்டன் கிளை அனுப்பிய வரைபடம் வடிவாகத்தான் இருக்கிறது. இரண்டு தூண், மேலே சிலுவை, கீழே நன்கொடையாளர் பெயர்க் கல். பழைய அதிபர்மாரை நினைவுகூர வேண்டும் என்ற எண்ணத்தை நான் குறை சொல்லவில்லை. எனக்கு அரிவரி எழுதப் பழக்கினவரும் அவர்களில் ஒருவர்தான். ஆனால் அந்த வளைவுக்குக் கீழால் நடந்து போகப் பிள்ளை இருக்குமா என்பதுதான் இப்ப கேள்வி.

பிள்ளைகள் ஐம்பதுக்குக் கீழே வந்துவிட்டார்கள். இலங்கை முழுக்க அப்படிப்பட்ட பாடசாலைகள் ஆயிரத்துக்கு மேலே இருக்கின்றன, அவற்றை மூடுவதா, பக்கத்துப் பாடசாலையோடு சேர்ப்பதா என்ற பேச்சு ஒவ்வொரு அரசாங்கத்திலும் எழும்புகிறது. பிள்ளை குறைந்தால் ஆசிரியர் ஆளணி குறையும். ஆசிரியர் குறைந்தால் இரண்டு வகுப்பை ஒன்றாக்குவார்கள். இப்பவே மூன்றும் நாலும் ஒரே அறையில், ஒரே ரீச்சரிடம். அவர் கரும்பலகையை நடுவில் கோடு கீறிப் பிரித்து, இந்தப் பக்கம் பெருக்கல், அந்தப் பக்கம் பின்னம் என்று எழுதிவிட்டு நடுவில் நின்று திரும்பித் திரும்பிப் படிப்பிக்கிறார். கெட்டிக்காரி, அதனால் நடக்கிறது. ஆனால் ஒன்றாக்கின வகுப்பைக் கண்டதும் வசதி உள்ள தாய் தகப்பன் பிள்ளையை மோட்டார் சைக்கிளில் ஏற்றிப் பெரிய பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். அப்ப இன்னும் குறையும்.

ஆங்கில ரீச்சர் காரைநகரில் இருந்து வருகிறார். பாதை (கடலைக் கடக்கிற மிதவை) ஓடுகிற நாளில் கடற்கோட்டையைப் பார்த்துக்கொண்டு சுகமாக வந்து இறங்கிவிடுவார். பாதை பழுதென்றால் யாழ்ப்பாணம் போய்ப் பண்ணைப் பாலத்தால் சுற்றித்தான் வரவேண்டும். அப்படி வந்து சேரும்போது இடைவேளை மணி அடித்துவிடும். இப்படியும் அவர் மாற்றம் கேட்கவில்லை என்பதை இங்கே பதிந்து வைக்கிறேன். ஊருக்குப் போகிறவர்கள் அவரைக் கண்டு இரண்டு வார்த்தை சொல்லுங்கள்.

பிள்ளைகளில் ஒரு பகுதி வீட்டுத்திட்டப் பக்கம் இருந்து வரவேண்டிய ஆட்கள். இடையில் வெறும் வெளி, நிழல் இல்லை, மாரியில் வெள்ளம் நிற்கும். பள்ளிக்கூட நேரத்துக்கு பஸ் இல்லை. தகப்பன் விடியப்புறம் கடலில் நிற்பார், தாய் வேலைக்குப் போய்விடுவார். முதலாம் வகுப்புப் பிள்ளையை யார் நடத்திக்கொண்டு வருவது? அதனால் கிழமையில் இரண்டு நாள் வரும், மூன்று நாள் வராது. இந்தியாவில் இருந்து வருகிற இழுவைப் படகுகள் வலையை அறுத்துக்கொண்டு போன கிழமைகளில் வரவு இன்னும் விழும் என்று வரவு இடாப்பைத் திறந்து அதிபர் காட்டினார். கடனுக்குப் பதில் சொல்ல முடியாத வீட்டில் பிள்ளையின் பள்ளிக்கூடம்தான் முதலில் நிற்கிறது.

போன வருசம் கொஞ்ச மாதம் ஊர் ஓட்டோக்காரர் ஒருவர், எங்கள் பழைய மாணவர்தான், பெற்றோல் காசை மட்டும் வாங்கிக்கொண்டு அந்தப் பிள்ளைகளை ஏற்றி இறக்கியிருக்கிறார். ஒரு தடவைக்கு ஏற்ற முடியாததால் இரண்டு நடை. அந்த மாதங்களின் வரவு இடாப்பில், வராத நாளுக்குப் போடுகிற சிவப்புச் சுழியம் மிகக் குறைவு. பிறகு அவருக்கு லீசிங் காசு கட்ட வேறு ஓட்டம் தேவைப்பட்டது, விட்டுவிட்டார். அவரைக் குறை சொல்ல ஏலாது.

ஆக நான் கேட்பது அந்த ஓட்டோவுக்கு மாதாந்தக் கொடுப்பனவு. காலை இரண்டு நடை, பின்னேரம் இரண்டு நடை, பாடசாலை நாளில் மட்டும். அதோடு, பின்னேர வகுப்புக்கு உதவுகிற தொண்டர் ஆசிரியருக்கு ஒரு தொகை. அந்தப் பிள்ளை பல்கலைக்கழகம் முடித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கிறது. வெறுங்கையோடு அனுப்புகிறோம். வளைவுக்குப் போட்ட மதிப்பீட்டை அதிபரிடம் காட்டினேன். ஒரு நிமிசம் பேசாமல் பார்த்துவிட்டு, "இதில ஓட்டோ எத்தனை வருசம் ஓடும் தெரியுமோ?" என்று மட்டும் கேட்டார்.

எதிர்ப் பேச்சும் எனக்குத் தெரியும். வளைவென்றால் ஒருக்கால் கட்டினால் முடிந்தது, ஓட்டோ என்றால் வருசா வருசம் காசு தேட வேண்டும் என்று லண்டன் அண்ணன் சொல்வார். உண்மைதான். வருசா வருசம் கணக்கும் கேட்க வேண்டும், சண்டையும் வரும். ஆனால் வருசா வருசம் கோடைகால ஒன்றுகூடலில் கொத்துரொட்டிக்கும் பாட்டுக் குழுவுக்கும் காசு தேடுகிறோம் தானே. அதற்கு ஒருவரும் களைத்ததாகத் தெரியவில்லை. அரசாங்கம்தான் செய்ய வேண்டும் என்ற பேச்சும் வரும். பாடப் புத்தகம், சீருடைத் துணி, மத்தியானச் சோறு இவ்வளவும் அரசாங்கம் கொடுக்கிறது. 2025இல் கொப்பி பென்சில் வாங்கவென்று 6,000 ரூபாயும் கொடுத்தது. ஏற்றி இறக்க ஆள் கொடுக்காது.

இதே இடத்தில் இன்னொன்று. தயவுசெய்து புத்தகப் பை அனுப்புவதை நிறுத்துங்கள். கனடா ஒன்று, சுவிஸ் ஒன்று, கோயில் ஒன்று என்று ஒரு பிள்ளைக்கு மூன்று பை இருக்கிறது. ஒரு வீட்டில் அதில் கருவாடு கட்டித் தூக்கியிருந்ததைக் கண்டேன். சப்பாத்துத்தான் இல்லை. இருக்கிறதும் அளவில்லை, ஏனென்றால் அளவு கேட்காமல் அனுப்புகிறோம்.

மாசியில் விளையாட்டுப் போட்டி. பிள்ளை குறைவு என்பதால் மூன்று இல்லத்தை இரண்டாக்கிவிட்டார்கள், நீலம் போய்விட்டது. நீல இல்லத்துப் பழைய மாணவர்கள் கொதிக்க வேண்டாம், சிவப்பும் பச்சையும் சேர்ந்தே கயிறிழுவைக்கு ஆள் காணாது. பழைய மாணவர் ஓட்டத்துக்கு வயது எல்லை இல்லை என்று அதிபர் சொன்னார். அந்த நேரம் ஊரில் நிற்கிறவர்கள் பெயர் கொடுங்கள். போன முறை வென்றவர் பங்கு மூப்பர், அறுபது தாண்டினவர்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான்: சித்திரைக் கூட்டத்துக்கு முன் ஒவ்வொரு கிளையும் ஓட்டோவா, வளைவா என்று ஒரு வரி எழுதி அனுப்புங்கள். நீண்ட கடிதம் வேண்டாம், அது என்னோடு போகட்டும். ஓட்டோ என்று முடிவானால் காசு தனியாளின் கைக்குப் போகாமல் பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கணக்குக்குப் போக வேண்டும், மாதம் ஒருமுறை நடைக் கணக்கு இந்தக் குழுவுக்கு வர வேண்டும். அதிபரும் அதற்குச் சம்மதம். பாரிஸ் கிளையின் போன வருசக் கணக்கு இன்னும் வரவில்லை, பொருளாளர் தம்பி அதையும் கூட்டத்துக்கு முன் அனுப்பிவிட்டால் நல்லது.

அன்புடன்,
ரொறன்ரோவில் இருந்து உங்கள் ஊரவன்

பி.கு.: ஆட்டுக்குட்டி கேட்டு யாரும் எழுத முன்னம் சொல்லிவிடுகிறேன், அந்த வீடியோ என்னிடம் இல்லை. நோர்வே அக்கா எடுத்தவ, அவவைக் கேளுங்கள்.