மரவள்ளியில் மாவுப்பூச்சி: எந்த இனம் என்று அறிய ஆய்வகத்துக்கு மாதிரி அனுப்புவது எப்படி?

ஆத்தூர்த் தோட்டம்:
அனைவருக்கும் வணக்கம். சேலம் மாவட்டம் ஆத்தூர் வட்டத்தில் இரண்டு ஏக்கரில் மரவள்ளி வைத்திருக்கிறேன். ஐந்து மாதப் பயிர். சென்ற மாத இறுதியிலிருந்து குருத்துகள் சுருண்டு, கணுவிடை குறுகி, கொத்துக் கொத்தாக நிற்கின்றன. இலையைப் புரட்டினால் மாவு அப்பியது போல் பூச்சி. மருந்துக் கடையில் இது பப்பாளி மாவுப்பூச்சி என்றார்கள். பக்கத்துத் தோட்டத்துப் பெரியவரோ, கேரளத்திலிருந்து புதிதாக வந்த மரவள்ளி மாவுப்பூச்சி என்கிறார். மாவுப்பூச்சியின் உடலில் முட்டையிட்டு அதை அழிக்கும் சிறு குளவிகளை விடலாம், ஆனால் இரண்டுக்கும் வெவ்வேறு குளவிகள் வேண்டும் என்று கேள்விப்பட்டதால், இலைகளைப் பறித்து பிளாஸ்டிக் பையில் கட்டி ஓர் ஆய்வகத்துக்குக் கூரியரில் அனுப்பினேன். சனிக்கிழமை அனுப்பியது செவ்வாய்க்கிழமை போய்ச் சேர்ந்தபோது இலை அழுகிப் பூச்சிகள் கூழாகியிருந்ததால், எதுவும் சொல்ல இயலாது என்று பதில் வந்தது. தவறு என்னுடையதுதான். சரியான முறையை அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்க வேண்டுகிறேன். கைப்பேசிப் படம் மட்டும் அனுப்பினால் போதாதா?

பூச்சியியல் மாணவன்:
ஐயா, வணக்கம். மக்காச்சோளப் படைப்புழுவாக இருந்தால் நல்ல படமே பெரும்பாலும் போதும். தலையில் தலைகீழ் ஒய் வடிவக் கோடும், வாலுக்குச் சற்று முன்னால் சதுரமாக நான்கு புள்ளிகளும் தெரிந்துவிடும். மாவுப்பூச்சியில் அது நடக்காது. வெள்ளை மாவுக்கு அடியில் இருக்கும் உடலைக் காரக் கரைசலில் தெளியவைத்து, சாயமேற்றி, கண்ணாடித் தகட்டில் பதித்து, நுண்ணோக்கியில் உணர்கொம்பின் கணுக்களையும் உடலோரத்து மெழுகுச் சுரப்பிகளையும் எண்ணித்தான் இனத்தை உறுதிசெய்வார்கள். அதற்கு வளர்ந்த பெண் பூச்சிகள் வேண்டும். குஞ்சுகளை மட்டும் அனுப்பினால் பெயர் கிடைப்பது அரிது.

பூச்சிகளை விரலால் எடுக்காமல், நனைத்த மெல்லிய தூரிகையால் தொட்டெடுத்து, இருபது முப்பது பூச்சிகளை 70 விழுக்காடு ஆல்கஹால் ஊற்றிய சிறு குப்பியில் போடுங்கள். டி.என்.ஏ. சோதனையும் தேவைப்படும் என்று ஆய்வகம் சொன்னால், 95 விழுக்காட்டில் இன்னொரு குப்பி. பயிர், ஊர், தேதி, செடியின் எந்தப் பகுதி என்பவற்றைப் பென்சிலால் எழுதிக் குப்பிக்குள்ளேயே போட வேண்டும், ஏனெனில் பேனா மை ஆல்கஹாலில் கரைந்துவிடும். தாக்குண்ட குருத்தையும் சேர்த்து அனுப்ப விரும்பினால், பிளாஸ்டிக் பையைத் தவிர்த்துச் செய்தித்தாளில் சுற்றுங்கள்.

தோட்டத்திலேயே ஓரளவு கணிக்கலாம். மாவைத் துடைத்தால் மரவள்ளி மாவுப்பூச்சியின் உடல் இளஞ்சிவப்பாகவும், பப்பாளி மாவுப்பூச்சியின் உடல் மஞ்சளாகவும் இருக்கும்; பப்பாளிப் பூச்சி ஆல்கஹாலில் விழுந்த பிறகு கறுத்துவிடும். நீண்ட இரட்டை வால் இருந்தால் அது மூன்றாவது இனம். ஆயினும் கணிப்பை வைத்துக் குளவியைக் கேட்க வேண்டாம்.

ராசிபுரத்தான்:
ஆல்கஹால் கிடைக்கவில்லையென்றால் கைகழுவும் சானிடைசர் போதும். நான் அதில்தான் அனுப்பினேன். எரியும் திரவத்தை அஞ்சலில் ஏற்கமாட்டார்கள். எனவே அனுப்பும் நாளில் திரவத்தை வடித்துவிட்டு, நனைந்த பஞ்சை மட்டும் குப்பியில் விட்டு இறுக மூடுங்கள். திங்கட்கிழமை அனுப்பினால் ஞாயிறு இடையில் வராது. உங்களுக்கு ஏத்தாப்பூர் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் பக்கம்தானே? அஞ்சலை விட நேரில் கொண்டுபோவதே நல்லது.

கோவை நூலகன்:
பெயர் ஏன் இவ்வளவு முக்கியம் என்பதற்கு மரவள்ளி மாவுப்பூச்சியின் வரலாறே சான்று. 1970களில் ஆப்பிரிக்காவின் மரவள்ளியை இது அழித்தபோது, இதன் பூர்வீக எதிரிகளைத் தேடித் தென் அமெரிக்காவின் வடபகுதிக்குச் சென்றார்கள். அங்கே இதேபோன்ற பூச்சி கிடைத்தது. ஆனால் அதன் குளவிகள் ஆப்பிரிக்கப் பூச்சியில் பெருகவில்லை. பிறகுதான் அது வேறு இனம் என்பது தெளிவாயிற்று. உண்மையான இனம் 1981இல் பராகுவேயில் கண்டறியப்பட்டது. அங்கிருந்து வந்த அனகைரஸ் லோபெசி என்ற சிறு குளவி ஆப்பிரிக்காவைக் காப்பாற்றியது. அந்தப் பணிக்குத் தலைமை தாங்கிய ஹான்ஸ் ஹெரனுக்கு 1995இல் உலக உணவுப் பரிசு வழங்கப்பட்டது. அதே குளவிதான் 2022இல் பெனின் நாட்டுக் கையிருப்பிலிருந்து பெறப்பட்டு ஏத்தாப்பூரில் விடப்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சிக்கு 2010இல் வரவழைக்கப்பட்ட அசிரோபேகஸ் வேறு குளவி. உங்கள் பூச்சி இளஞ்சிவப்பானதாக இருந்தால் அதனால் பயனில்லை.

ஆத்தூர்த் தோட்டம்:
மிக்க நன்றி. இன்று காலையில் துடைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை இளஞ்சிவப்பு, ஓரத்து வரிசையில் சில மஞ்சள். இரண்டும் கலந்திருக்குமா? முடிவு வரும்வரை மருந்து அடிக்கலாமா? கடையில் கொடுத்த புட்டி வீட்டில்தான் இருக்கிறது.

பூச்சியியல் மாணவன்:
கலந்திருக்கலாம், ஐயா, அதனால் நிறத்துக்கு ஒரு குப்பி என்று பிரித்து, எந்த வரிசையில் எடுத்தது என்றும் எழுதுங்கள். மருந்தை இப்போது அடிக்க வேண்டாம். உடல் உப்பிக் கெட்டியாகிப் பழுப்பேறிய பூச்சிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவை ஏற்கெனவே குளவி முட்டையிட்டவை. அவற்றை ஆல்கஹாலில் போடாமல், பஞ்சடைத்த உலர்ந்த குப்பியில் நேரில் கொண்டுபோய்க் கொடுத்தால், வெளிவரும் குளவி எது என்பதையும் அவர்கள் பார்த்துச் சொல்வார்கள். குளவி வந்திருந்தால் உங்களுக்குக் காத்திருப்பது மட்டுமே வேலை. சுருண்ட குருத்துகளைக் கிள்ளி எரித்துவிடுங்கள், ஆனால் பழுப்புப் பூச்சிகள் உள்ளவற்றை விட்டுவிடுங்கள். அந்தத் தோட்டத்துக் குச்சியை, பூச்சியின் பெயர் தெரியும்வரை, யாருக்கும் விதைக்குக் கொடுக்காதீர்கள்.

ராசிபுரத்தான்:
இன்னொன்று. ஒரே மாதிரியை இரண்டு பங்காக வைத்து, ஒரு பங்கை வீட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள். என்னுடைய முதல் குப்பி வழியில் உடைந்துபோனது.