130க்குப் பதில் 150 பின் டயர்: பைக் சாயவே மறுக்கிறது, உதவுங்கள்

உட்லண்ட்ஸ்_ரைடர்:
வணக்கம். சிங்கப்பூரில் கிளாஸ் 2பி உரிமம், 200 சிசி பைக். தினமும் பிகேஇ, கேஜேஇ எக்ஸ்பிரஸ்வேக்கள் வழியாக ஜூரோங்கில் வேலைக்குப் போகிறேன். பின் டயர் தேய்ந்துவிட்டது, மாற்றப் போனேன். பழையது 130/70-17 (130 மிமீ அகலம், பக்கச்சுவர் உயரம் அதில் 70%, 17 அங்குல ரிம்). "150/60 போட்டால் ரோட்டில் நன்றாக உட்காரும்" என்று கடையில் சொன்னார்கள், போட்டுவிட்டேன். இப்போது எக்ஸ்பிரஸ்வேயை விட்டு இறங்கும் வளைவுகளில் பைக்கைத் தள்ளித்தான் சாய்க்க வேண்டியிருக்கிறது. கொஞ்சம் சாய்ந்ததும் முன்பக்கம் சட்டென்று விழுகிறது. புது டயர் பழகும்வரை இப்படித்தான் இருக்குமா? முன் டயரையும் 100லிருந்து 110 ஆக்கினால் சரியாகுமா?

ஈசூன்_2பி:
முதலில் பிரஷர் பாருங்கள் ப்ரோ. காலையில் வண்டி எடுக்கும் முன், டயர் சூடாகாதபோது. காற்று குறைவாக இருந்தாலும் ஹேண்டில் கனக்கும்.

உட்லண்ட்ஸ்_ரைடர்:
பார்த்துவிட்டேன். இரண்டிலும் வண்டியில் ஒட்டியிருக்கும் அளவுதான்.

பழைய_சங்கிலி:
தம்பி, 110க்குப் போகாதீர்கள், இன்னும் கனக்கும். பின் ரிம்மில் அகலம் பொறித்திருக்கும், என்ன எண் என்று பாருங்கள். முன் டயரின் நடுப்பகுதி தட்டையாக இருக்கிறதா என்பதையும் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்_ரைடர்:
எம்டி 3.50 x 17 என்று இருக்கிறது அண்ணே. முன் டயர் நடுவில் தட்டையாகத் தேய்ந்திருக்கிறது, ஓரங்களில் பள்ளம் நன்றாகவே இருக்கிறது.

பழைய_சங்கிலி:
அப்படியென்றால் இரண்டு பிரச்சினை சேர்ந்திருக்கிறது.

150/60க்குக் குறைந்தது 4 அங்குல ரிம் வேண்டும். 3.50இல் மாட்டினால் டயரின் இரு ஓரமும் உள்ளே இழுபட்டு, நடு கூம்பிப் போகும். காசு கொடுத்து வாங்கிய அகலத்தில் ஒரு பகுதி வளைவில் தரையையே தொடாது. அகலத்துக்கென்று இன்னொரு குணமும் உண்டு. வண்டி சாயும்போது டயர் தரையைத் தொடும் இடம் நடுக்கோட்டை விட்டுப் பக்கவாட்டில் விலகும். டயர் அகலமாக ஆக விலகல் கூடும், அது வண்டியை நிமிர்த்தப் பார்க்கும். அதே வேகத்தில் அதே வளைவை எடுக்க முன்பைவிடக் கூடுதலாகச் சாய்க்க வேண்டும். நீங்கள் சொல்லும் கனம் இதுதான்.

சட்டென்று விழுவதற்குக் காரணம் பெரும்பாலும் முன் டயர். நேர் ரோட்டிலேயே ஓடி நடு தட்டையாகிவிட்டால் அங்கே ஒரு விளிம்பு உண்டாகிவிடும். அதைத் தாண்டியதும் வண்டி படக்கென்று இறங்கும். பின் டயரை மட்டும் மாற்றினால் இது தீராது.

தெம்பனிஸ்_டூரர்:
மழைக்கு அகலமான டயர்தானே நல்லது? பிடிப்பு கூடுமே.

பழைய_சங்கிலி:
பலரும் அப்படித்தான் நம்புகிறார்கள், அதனால்தான் எனக்குக் கவலை. தரையைத் தொடும் பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை வண்டியின் எடையும் காற்றழுத்தமும். அகலம் கூடினால் அந்தப் பரப்பு குறுக்கே நீண்டு முன்பின்னாகச் சுருங்குகிறது. அதே எடையில் அகலமான டயர் அதிகத் தண்ணீரை விலக்க வேண்டும், அதனால் சீக்கிரம் மிதக்கும். டிசம்பர் மழையில் பிஐஇயில் தேங்கும் தண்ணீரை நினைத்துப் பாருங்கள். நேராக நிலைத்து ஓடுவதற்கும் டயர் அகலத்தைவிட முன் ஃபோர்க்கின் சாய்வும் சக்கரங்களுக்கு இடையிலான தூரமும்தான் முக்கியம்.

உட்லண்ட்ஸ்_ரைடர்:
140/70 போட்டால் என்ன அண்ணே? 130 பார்க்க ஒல்லியாக இருக்கிறது.

பழைய_சங்கிலி:
3.50 ரிம்மில் ஏறும், ஆனால் அதுதான் கடைசி எல்லை. 130/70இன் பக்கச்சுவர் 91 மிமீ, 140/70க்கு 98. பின்பக்கம் 7 மிமீ உயர்ந்து, முன் ஃபோர்க் கொஞ்சம் செங்குத்தாகும். செயின், ஸ்விங்ஆர்ம் (பின் சக்கரத்தைத் தாங்கும் கை) இரண்டிலும் டயர் உரசாத இடைவெளியையும் பார்க்க வேண்டும். பார்வைக்காக இவ்வளவும் வேண்டாம் தம்பி. வண்டி செய்தவர்கள் சொன்ன 130/70, 100/80 இரண்டையும் புதிதாகப் போடுங்கள். சுமை எண்ணும் வேக எழுத்தும் பழைய டயரில் இருப்பதைவிடக் குறையக் கூடாது. கழற்றும்போதே கோன் செட் (ஹேண்டில் திரும்பும் இடத்தில் இருக்கும் பேரிங்) தளர்ந்திருக்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள்.

உட்லண்ட்ஸ்_ரைடர்:
இரண்டையும் மாற்றியாயிற்று. கோன் செட்டும் லேசாகத் தளர்ந்திருந்தது, இறுக்கிக் கொடுத்தார்கள். நேற்று அதே வளைவில் பார்வை போன பக்கம் வண்டியும் போனது. ரொம்ப நன்றி அண்ணே.

பழைய_சங்கிலி:
மகிழ்ச்சி. புது டயரின் மேல்பூச்சு போகும்வரை ஈரத்தில் அதிகம் சாய்க்காதீர்கள், திடீர் பிரேக்கும் வேண்டாம். செயின் அட்ஜஸ்டரின் கோடுகள் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் இருக்கின்றனவா என்றும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.