லோன் பணம் யார் பணம்?

தங்கச்சிமடத்துப் பொண்ணு எழுதியது:

அப்பாவின் நாட்டுப்படகுக்குப் புது அவுட்போர்டு எஞ்சின் எடுக்க ராமநாதபுரத்தில் ஒரு வங்கியில் கடன் கேட்டிருந்தோம். மூன்று மாதம் அலைந்து, போன வெள்ளிக்கிழமைதான் கிடைத்தது. 17 இடத்தில் கையெழுத்துப் போட்டேன். எதிரே இருந்த தம்பி கீபோர்டில் கொஞ்ச நேரம் தட்டினார். என் போனில் மெசேஜ் வந்தது: 2,40,000 ரூபாய் வரவு. அவ்வளவுதான். யாரும் எழுந்து பெட்டகத்துப் பக்கம் போகவில்லை, ஒரு கட்டைக்கூட எண்ணவில்லை.

"இது யார் போட்ட பணம் தம்பி?" என்று கேட்டேவிட்டேன். கீழக்கரைக்காரர்கள் துபாயிலிருந்து அனுப்பி டெபாசிட்டில் போட்டு வைத்திருப்பதைத்தான் நமக்குத் தூக்கிக் கொடுக்கிறார்கள் என்பது என் எண்ணம். அவர் சிரித்துக்கொண்டே, "யார் கணக்கிலயும் ஒரு பைசா குறையாதுக்கா" என்றார். அதற்குள் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

பஸ் பாம்பன் பாலத்தில் ஏறும்போது அம்மாவிடம் சொன்னேன். அம்மாவுக்கு ஆச்சரியமே இல்லை. "இதுல என்னடி இருக்கு? நம்ம வாடிக்காரர் சீட்டு மாதிரிதான்."

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். வாடி என்றால் கரையில் மீன் எடுக்கிற வியாபாரியின் கொட்டகை. நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, வாடைக் காற்று பிடித்து வடகடலில் தொழில் இல்லாமல் போனால், எங்கள் வாடிக்காரர் நோட்டிலிருந்து அரைத்தாளைக் கிழித்து, தேதி போட்டு, 500 என்று எழுதி, ஒரு கிறுக்கல் கையெழுத்தும் போட்டுத் தருவார். அப்பா பேரில் நோட்டில் 500 ஏறும். சீட்டைக் கொடுத்தால் மளிகைக் கடையில் அரிசி, பருப்பு, மண்ணெண்ணெய் எல்லாம் தருவார்கள். மளிகைக்காரர் அதைச் சில சமயம் சரக்கு இறக்க வந்த வேன்காரருக்கே கொடுத்துவிடுவார். வேன்காரர் எப்படியும் மீன் ஏற்ற வாடிக்குப் போகிறவர், அங்கே மாற்றிக்கொள்வார். திரும்பி வந்த சீட்டை வாடிக்காரர் நாலாகக் கிழித்துப் பனையோலைப் பெட்டியில் போடுவார். செதில் ஒட்டிய அந்தத் தாள்களைப் பொறுக்கி நாங்கள் 'பேங்க்' விளையாடியிருக்கிறோம்.

அம்மா சொல்வது சரியா? சரி என்றால் இன்னொன்றும் கேட்க வேண்டும். தட்டினாலே பணம் வரும் என்றால், மீன்பிடித் தடைக்காலத்துக்குக் குடும்பத்துக்கு 8,000 ரூபாய்தான் என்று ஏன் அளந்து கொடுக்கிறார்கள்?

கீழக்கரை காக்கா எழுதியது:

தங்கச்சி, நீ நினைத்ததுதான் சரி. என் பணம்தான் உன் எஞ்சின். வங்கி நடுவில் நிற்கிற தரகு. தட்டினாலே பணம் வரும் என்றால், மார்ச் மாதம் ஆனால் எதற்கு எனக்குப் போன் மேல் போன் போட்டு "டெபாசிட் போடுங்க பாய்" என்று கெஞ்சுகிறார்கள்? அந்தத் தம்பி வேலைக்குப் புதுசு போல.

பழைய கேஷியர் எழுதியது:

அந்தத் தம்பி சொன்னது சரி. உன் அம்மா சொன்னது அதைவிடச் சரி தாயி. பரமக்குடி, திருவாடானை, ராமேஸ்வரம் என்று 34 வருஷம் கவுண்டரில் உட்கார்ந்தவன் நான். பதவி உயர்வுத் தேர்வுக்கு நான் படித்த புத்தகத்திலும் காக்கா சொல்வதுதான் இருந்தது: ஒருவர் போடுகிறார், அதில் கொஞ்சம் ஒதுக்கி வைத்துவிட்டு மீதியை இன்னொருவருக்குத் தருகிறோம் என்று. ஆனால் நான் போட்ட எந்த லோன் பதிவிலும் இன்னொரு டெபாசிட்தாரர் பெயர் வந்ததே இல்லை. வந்தது இரண்டே வரி. உன் பெயரில் கடன் 2,40,000, அது வங்கிக்குச் சொத்து. உன் சேமிப்புக் கணக்கில் வரவு 2,40,000, அது வங்கி உனக்குத் தர வேண்டிய பாக்கி. வாடிக்காரர் நோட்டில் உன் அப்பா பெயரும் அவர் கிழித்துக் கொடுத்த சீட்டும் இதே ஜோடிதான். வெள்ளிக்கிழமை காலையில் இல்லாத பணம் மத்தியானம் இருந்தது. 2014இல் இங்கிலாந்தின் மத்திய வங்கியே இதை ஒரு கட்டுரையாகப் போட்டு, பாடப்புத்தகக் கதை தலைகீழ், கடன் கொடுக்கும்போதுதான் டெபாசிட் பிறக்கிறது என்று எழுதிவிட்டது. அவர்கள் நாட்டில் மக்கள் வைத்திருக்கும் பணத்தில் 97 சதவீதம் இப்படி வங்கிக் கணக்கில் நிற்கிற எண்தானாம். நம் ஊரில் ரொக்கம் இன்னும் நிறையப் புழங்குகிறது, ஆனால் முறை அதேதான்.

சரி, காக்காவுக்கு ஏன் போன் வருகிறது? நீ எஞ்சின் கடைக்காரருக்குப் பணம் அனுப்புகிறாய், அவர் கணக்கு வேறு வங்கியில். வங்கிக்கும் வங்கிக்கும் நடக்கிற கணக்கை ரிசர்வ் வங்கியில் அவர்கள் வைத்திருக்கும் இருப்பில்தான் தீர்க்க வேண்டும். அதை எங்களால் தட்டி உண்டாக்க முடியாது. வேன்காரர் வாடி வாசலில் வந்து நின்றால் வாடிக்காரர் எடுத்து வைக்க வேண்டிய ரொக்கம் மாதிரி. காக்காவின் டெபாசிட் வந்தால் அந்த இருப்பும் கூடவே வருகிறது, அதற்குத்தான் கெஞ்சல். இது தவிர 100 ரூபாய் டெபாசிட்டுக்கு 3 ரூபாய் ரிசர்வ் வங்கியில் சும்மா கிடக்க வேண்டும் (2025 நவம்பர் கடைசியிலிருந்து இந்த அளவு, அதற்கு முன்பு கூடுதல்), 18 ரூபாய் பெரும்பாலும் அரசுப் பத்திரத்தில் இருக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் மேல், வாராக்கடன் ஆனால் தாங்குவதற்கு வங்கியின் சொந்த முதல் இருக்க வேண்டும். மேனேஜர் மூன்று மாதம் உன்னை இழுத்தடித்தது பணம் இல்லாமல் அல்ல, நீ கட்டுவாயா என்கிற யோசனையில்தான்.

வாடிக்கும் வங்கிக்கும் ஒரு வித்தியாசம் உண்டு. வாடிச் சீட்டு நாலு கை மாறிக் கிழிபடும். வங்கிச் சீட்டு அப்படிச் சீக்கிரம் ரொக்கமாவதில்லை, கணக்கு விட்டுக் கணக்குப் போய்க்கொண்டே இருக்கும். அது கிழிபடுவது நீ தவணை கட்டும்போது. உன் கணக்கில் குறையும், கடனிலும் குறையும், அசலுக்குக் கட்டிய பணம் அத்தோடு இல்லாமல் போகும். யாரும் எடுத்துப் பெட்டியில் வைப்பதில்லை. இதை நம்பவைக்க என் மனைவியிடம் இருபது வருஷமாக முயற்சி செய்கிறேன்.

நிவாரணத்துக்கு வருகிறேன். மாநில அரசு நம்மைப் போலத்தான்: வரி வர வேண்டும், டெல்லியிலிருந்து பங்கு வர வேண்டும், பற்றாவிட்டால் கடன் பத்திரத்தை ஏலம் விட வேண்டும். மத்திய அரசின் கதை வேறு. 1997 வரை கைச்செலவுக்குப் போதவில்லை என்றால் தற்காலிக டிரஷரி பில் என்கிற கடன் சீட்டை எழுதி ரிசர்வ் வங்கியில் கொடுத்துப் பணம் வாங்கிக்கொள்வார்கள். அச்சு அசல் வாடிச் சீட்டு! அதை நிறுத்தினார்கள். 2003இல் வந்த சட்டத்தின்படி, 2006 ஏப்ரலிலிருந்து அரசின் புதுப் பத்திரத்தை ரிசர்வ் வங்கி சாதாரணமாக நேரடியாக வாங்கக் கூடாது. மற்றவர்கள் வாங்கிய பிறகு சந்தையில் வாங்கலாம், வாங்கும்போது புதுப் பணம் உண்டாகும். ஆக 8,000ஐ 16,000 ஆக்க டெல்லியால் முடியாது என்பதில்லை. முடியும், ஆனால் அவர்களே போட்ட வேலி இருக்கிறது, செலவு எதற்கு என்கிற அரசியலும் இருக்கிறது. வேலியை எடுத்தால் என்ன என்று கேட்கிறவர்களும் உண்டு. எனக்கு அதில் தயக்கம்தான்.

மண்டபம் முகாம் எழுதியது:

அண்ணை சொன்ன வேலியைப் பற்றி ஒரு வார்த்தை. நாங்கள் 1990இல் இலங்கையில் தலைமன்னாரிலிருந்து வந்தவர்கள். 2022 மார்ச்சில் அரிச்சல்முனைப் பக்கம் மணல் திட்டில் கைக்குழந்தைகளோடு ஆட்கள் வந்து இறங்கினார்களே, அப்போது அங்கேயிருந்த என் சித்தியோடு தினமும் போனில் பேசிக்கொண்டிருந்தேன். கையில் காசு இருக்கிறது என்றுதான் சொன்னா. பால்மா இல்லை, காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு விடிய விடிய வரிசை. அந்தக் காசை அவர்களுடைய மத்திய வங்கி எவ்வளவும் அடிக்கலாம், அடித்தும் கொடுத்தது. கப்பலில் வருகிற சாமானுக்கு டாலர் அல்லவா வேண்டும், அதை அடிக்க ஏலாதே. ஏப்ரல் 12ஆம் தேதி வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று அறிவித்தார்கள். செப்டம்பரில் கொழும்பு விலைவாசி ஒரு வருஷத்தில் ஏறத்தாழ 70 சதவீதம் ஏறியிருந்தது. 2023இல் அவர்களும் சட்டம் போட்டு வேலி கட்டிவிட்டார்கள். சித்தி ஒரு பால்மா பைக்கற்றை இன்னும் பீரோவுக்குள் வைத்துப் பூட்டுகிறா.

கீழக்கரை காக்கா எழுதியது:

கேஷியர் அண்ணே, அப்படியென்றால் நான் போட்டிருப்பதும் பணம் இல்லை, வங்கி எழுதிக் கொடுத்த சீட்டுதானா? ராத்திரித் தூக்கத்தைக் கெடுத்துவிட்டீர்களே.

பழைய கேஷியர் எழுதியது:

சீட்டுதான் காக்கா. ஆனால் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு வட்டியோடு 5 லட்சம் வரை இன்ஷூரன்ஸ் உள்ள சீட்டு. 2020க்கு முன்னால் அது 1 லட்சம்தான். பையில் 100 ரூபாய் நோட்டு இருந்தால் எடுத்துப் பாருங்கள், "தருவதாக உறுதி கூறுகிறேன்" என்று இந்தியிலும் ஆங்கிலத்திலும் போட்டு ரிசர்வ் வங்கி கவர்னர் கையெழுத்துப் போட்டிருப்பார். அதுவும் சீட்டு. 1 ரூபாய் நோட்டில் மட்டும் அந்த உறுதிமொழி கிடையாது, அது அரசே நேராகப் போடுவது, கையெழுத்து நிதித்துறைச் செயலருடையது.

தங்கச்சிமடத்துப் பொண்ணு எழுதியது:

எல்லாவற்றையும் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். மண்டபம் அண்ணன் எழுதியதைக் கேட்டதும் அம்மாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. ஒரு வருஷம் காற்றும் விடவில்லை, காற்று விட்ட பிறகு மீனும் இல்லை. வாடிக்காரர் இரக்கப்பட்டு எல்லோருக்கும் எழுதி எழுதிக் கொடுத்திருக்கிறார். பொங்கல் நெருங்கும்போது மளிகைக்காரர் 500 சீட்டுக்கு 400க்குத்தான் சாமான் என்றாராம். வேன்காரர் வாங்கவே மாட்டேன் என்றாராம். அம்மா அன்று சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாள். மளிகைக்காரர் மேல் அந்தக் கோபம் இன்னும் போகவில்லை.

கேஷியர் ஐயா, அப்பா ஒன்று கேட்கச் சொன்னார். நல்ல இறால் பாடு விழுந்தால் தவணைக்கு முன்னாலேயே கொஞ்சம் சேர்த்துக் கட்டலாமா, அதற்கு அபராதம் போடுவார்களா?

பழைய கேஷியர் எழுதியது:

கடன் ஒப்பந்தத்தில் "முன்கூட்டியே செலுத்துதல்" என்று ஒரு பத்தி இருக்கும். 17 கையெழுத்துப் போட்டாயே, அதில் ஒன்று அதன் கீழேதான். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்துப் போடு தாயி. கணக்கு எண்ணை மட்டும் மறைத்துவிடு.