மீன் குளிரறையில் ஆர்-22 தீர்ந்துகொண்டே வருகிறது: எந்த கேஸுக்கு மாறுவது?

கேள்வி: குளிரறை உரிமையாளர், தூத்துக்குடி

அனைவருக்கும் வணக்கம். மீனும் இறாலும் இருப்பு வைக்கும் இரண்டு குளிரறைகளை நடத்தி வருகிறேன். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 6 மீட்டர் நீளமும் 5 மீட்டர் அகலமும் 3 மீட்டர் உயரமும் உடையது. மைனஸ் 20 டிகிரியில் ஓடுகிறது. இரண்டுக்கும் பொதுவாக ஒரே ஒரு 15 எச்.பி. செமி-ஹெர்மெட்டிக் (திறந்து பழுதுபார்க்கக்கூடிய) கம்ப்ரசரும், மொட்டை மாடியில் கேஸின் வெப்பத்தை வெளியேற்றும், காற்றால் குளிரும் கண்டன்சரும் இருக்கின்றன. 2011-ல் பொருத்தியபோது, அறையைக் குளிரவைக்கச் சுற்றி ஓடும் கேஸாக 25 கிலோ ஆர்-22 ஏற்றினார்கள்.

கடந்த சில ஆண்டுகளாக கேஸ் குறைந்துகொண்டே இருக்கிறது. குறையும்போதெல்லாம் ஏற்றி ஓட்டி வந்தோம். இப்போது சிலிண்டர் விலை ஏறிவிட்டது, நல்ல சரக்கு கிடைப்பதும் அரிதாகிவிட்டது. எங்களுக்கு வழக்கமாக வேலை பார்க்கும் மெக்கானிக், இருக்கும் ஆர்-22-இன் மேலேயே ஆர்-404ஏ-வை ஏற்றிவிடலாம் என்கிறார். இன்னொருவர், ஆயில்கூட மாற்ற வேண்டாம், எச்.சி. (ஹைட்ரோகார்பன்) கேஸ் போட்டால் கரண்ட் பில்லும் குறையும் என்கிறார். கம்ப்ரசர் இன்னும் நன்றாகவே ஓடுவதால் அதைக் கழற்றிப் போட மனம் வரவில்லை. சரக்கு உள்ளே இருக்கும்போது தவறான முடிவு எடுத்துவிடக் கூடாது என்பதால், இதில் அனுபவம் உள்ளவர்களின் கருத்தைக் கேட்கிறேன்.

பதில்: குளிர்பதனப் பொருத்துநர், திருநெல்வேலி

ஐயா, முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். ஆர்-22-இன் மேல் ஆர்-404ஏ-வை ஏற்றவே கூடாது. இரண்டும் கலந்தால் எந்தப் பிரஷர்-வெப்பநிலை சார்ட்டுக்கும் பொருந்தாத ஒரு கலவைதான் சிஸ்டத்தில் இருக்கும். சூப்பர்ஹீட் (கேஸ் ஆவியான பிறகு மேலும் எத்தனை டிகிரி சூடாகியிருக்கிறது என்பது) எவ்வளவு என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. பின்னால் அந்தக் கலவையை வெளியே எடுத்தாலும் சுத்திகரித்து மறுபடி பயன்படுத்த வழியில்லை. இன்று உங்களிடம் மிச்சமிருக்கும் ஆர்-22-க்கு மதிப்பு உண்டு, அதைக் கெடுத்துவிடாதீர்கள்.

எந்த கேஸ் என்ற கேள்விக்கு முன்னால், கேஸ் எங்கே போகிறது என்ற கேள்வி இருக்கிறது. லீக்கை அடைக்காமல் எதை ஏற்றினாலும் அதே வழியாகத்தான் போகும், புதிய கேஸ் பழையதைவிடச் சீக்கிரமாகவும் போகலாம். கடற்கரையில் கண்டன்சரின் அலுமினியத் தகடுகளை உப்புக்காற்று அரிப்பதை எல்லோரும் பார்க்கிறார்கள். அறைக்குள்ளே நடப்பதைப் பலர் பார்ப்பதில்லை. மீனிலிருந்து வெளிவரும் அமீன், அம்மோனியா வகை ஆவிகள் எவாப்பரேட்டரின் (அறையைக் குளிர்விக்கும் காயிலின்) செம்புக் குழாய்களையும் பித்தளை நட்டுகளையும் மெல்ல அரிக்கும். எவாப்பரேட்டரின் உறையைக் கழற்றி, U வளைவுகளின் பற்றவைப்பில் பச்சை பூத்திருக்கிறதா, ஆயில் கசிந்து தூசி அப்பியிருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். ஆயில் கறை உள்ள இடத்தில் பெரும்பாலும் லீக் இருக்கும். பிறகு நைட்ரஜன் ஏற்றி, சோப்பு நுரை வைத்துச் சோதித்து, ஒரு இரவு முழுவதும் பிரஷர் இறங்காமல் நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். லோ சைடின் (பிரஷர் குறைந்த பக்கத்தின்) தாங்குதிறனுக்கு மேல் ஏற்றக் கூடாது என்பதையும், நைட்ரஜனுக்குப் பதில் ஆக்சிஜனை ஒருபோதும் தொடக் கூடாது என்பதையும் வேலையாட்களுக்குச் சொல்லியே ஆக வேண்டும்.

அடுத்தது ரப்பர் வாஷர்கள். கேஸ் மாற்றிய பல இடங்களில் இரண்டு மூன்று வாரத்துக்குள் புதிய லீக் வருவதற்கு இதுவே காரணம். ஆர்-22-உம் மினரல் ஆயிலும் சேர்ந்து ஓ-ரிங், கேஸ்கெட் போன்றவற்றை ஆண்டுக்கணக்கில் ஊறவைத்து உப்பச் செய்திருக்கும், அந்த உப்பலில்தான் அவை இறுக்கமாக உட்கார்ந்திருக்கும். எச்.எஃப்.சி. கேஸும் (ஆர்-404ஏ போன்ற, குளோரின் இல்லாத வகை) பி.ஓ.இ. ஆயிலும் (அதனுடன் கரையும் செயற்கை ஆயில்) உள்ளே வந்ததும் அந்த உப்பல் வடிந்து ரப்பர் சுருங்கிவிடும். நேற்று வரை ஒழுகாத சொலினாய்டு வால்வு, சைட் கிளாஸ், ரிசீவர் வால்வின் தண்டு, சர்வீஸ் போர்ட்டின் பின் எல்லாம் இன்று ஒழுகத் தொடங்கும். ஆகவே சிஸ்டத்தைத் திறக்கும் அன்றே கைக்கு எட்டும் எல்லா ரப்பரையும் மாற்றிவிடுங்கள். மொத்தச் செலவில் அது மிகச் சிறிய பங்கு.

ஆயிலைப் பொறுத்தவரை, மைனஸ் 28 டிகிரியில் ஆவியாகும் உங்கள் எவாப்பரேட்டரில் மினரல் ஆயில் எச்.எஃப்.சி.யுடன் கரையாமல் தடித்துத் தங்கிவிடும். கம்ப்ரசருக்குத் திரும்பி வராது. பி.ஓ.இ.க்கு மாறியே தீர வேண்டும். மிச்சமிருக்கும் மினரல் ஆயில் 5 விழுக்காட்டுக்குக் கீழே வரும்வரை வடித்து, நிரப்பி, ஓட்டி, மறுபடி வடிக்க வேண்டும். இந்த வேலையை ஆர்-22 ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்யலாம் என்பது பலருக்குத் தெரிவதில்லை. பி.ஓ.இ. ஆர்-22-உடனும் ஒத்துப்போகும். இருப்பு குறைவாக உள்ள வாரங்களில் ஒவ்வொரு முறையாக ஆயிலை மாற்றிக்கொண்டு வந்தால், கேஸ் மாற்றும் நாளில் அறை நிற்கும் நேரம் வெகுவாகக் குறையும். ஆயில் செப்பரேட்டர், அக்யுமுலேட்டர் இரண்டின் அடியில் தேங்கியதையும் வடித்துவிட மறக்கக் கூடாது. பி.ஓ.இ. ஈரத்தை இழுப்பது என்பதால், டின்னைத் திறந்தால் அன்றே தீர்க்க வேண்டும்.

ஆயிலைத் தொடாமல் மாற ஆர்-438ஏ போன்ற கலவைகளும் உண்டு. அவற்றில் சிறிதளவு ஹைட்ரோகார்பன் கலந்திருப்பதால் மினரல் ஆயிலை ஓரளவு இழுத்துக்கொண்டு திரும்பும். நீண்ட குழாயும் தாழ்ந்த வெப்பநிலையும் உள்ள உங்கள் அறைக்கு அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பதில்: பாலிடெக்னிக் ஆசிரியர், கோயம்புத்தூர்

முந்தைய பதிலில் உள்ள செய்முறையை முழுமையாக ஏற்கிறேன். எந்த வாயுவுக்கு மாறுவது என்பதைப் பற்றி மட்டும் எழுதுகிறேன், ஏனெனில் இதில் இன்று எடுக்கும் முடிவு அடுத்த பத்தாண்டுகளுக்கு உங்களைக் கட்டிப்போடும்.

ஓசோன் படலத்தைக் காப்பதற்காக 1987-ல் உருவான மாண்ட்ரியல் உடன்படிக்கையில் இந்தியா 1992-ல் இணைந்தது. அதன்படி வளரும் நாடுகள், ஓசோனைக் கெடுக்கும் எச்.சி.எஃப்.சி. வகை வாயுக்களின் பயன்பாட்டை 2013-ல் அதற்கு மேல் ஏறாமல் நிறுத்திவைத்து, அடிப்படை அளவிலிருந்து 2015-ல் 10 விழுக்காடு, 2020-ல் 35 விழுக்காடு, 2025-ல் 67.5 விழுக்காடு எனக் குறைத்து, 2030-ல் ஏறத்தாழ முற்றிலும் நிறுத்த வேண்டும். அதற்குப் பின் 2040 வரை பழைய இயந்திரங்களின் பராமரிப்புக்காக ஆண்டுச் சராசரியாக 2.5 விழுக்காடு மட்டுமே விடப்படும். ஆர்-22 இந்த வகையைச் சேர்ந்தது. சந்தையில் நீங்கள் உணரும் தட்டுப்பாடு தற்காலிகமானதன்று, இனி இறுகிக்கொண்டேதான் போகும்.

ஆனால் ஆர்-404ஏ-வுக்கு மாறுவது ஒரு மூடப்படும் சாலையிலிருந்து அடுத்து மூடப்போகும் சாலைக்குத் திரும்புவதைப் போன்றது. அது ஓசோனைத் தொடாது என்றாலும், புவியை வெப்பமாக்கும் அதன் திறன் கார்பன் டை ஆக்சைடைப் போல 3,922 மடங்கு. ஆர்-22-க்கு அது 1,810. உங்கள் 25 கிலோவும் கசிந்து போனால் ஆர்-404ஏ-வில் அது 98 டன் கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். கீழே நான் பரிந்துரைக்கும் ஆர்-448ஏ அல்லது ஆர்-449ஏ என்றால் சுமார் 35 டன். 2016-ல் ருவாண்டாவின் கிகாலியில் செய்யப்பட்ட திருத்தத்தை இந்தியா 2021-ல் ஏற்றது. அதன்படி எச்.எஃப்.சி. பயன்பாடு 2028-ல் அதற்கு மேல் ஏறாதபடி நிறுத்திவைக்கப்பட்டு, 2032-லிருந்து படிப்படியாகக் குறைந்து, 2047-ல் 85 விழுக்காடு வெட்டப்படும். இந்தக் கணக்கு எடையில் அல்லாமல் வெப்பமாக்கும் திறனில் போடப்படுவதால், ஆர்-404ஏ போன்ற, அந்தத் திறன் மிகுந்த வாயுக்களே முதலில் அடிபடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2020 முதல், குறிப்பிட்ட அளவுக்கு மேல் வாயு உள்ள குளிர்பதன இயந்திரங்களின் பராமரிப்புக்கு 2,500-க்கு மேற்பட்ட திறனுள்ள புதிய வாயுவைப் பயன்படுத்தத் தடை வந்தது. அந்தத் தடைக்கு முன்பே அங்கே ஆர்-404ஏ விலை பலமடங்கு ஏறியதை நாம் பார்த்தோம்.

ஆகவே என் பரிந்துரை ஆர்-448ஏ அல்லது ஆர்-449ஏ. இரண்டும் தீப்பற்றாத வகை, உங்கள் வெப்பநிலைக்கு ஏற்றவை. இவை கிடைக்காவிட்டால் ஆர்-407எஃப். எதுவானாலும், கம்ப்ரசர் உற்பத்தியாளரின் பட்டியலில் உங்கள் மாடலுக்கு அந்த வாயுவும் பி.ஓ.இ. ஆயிலும் அனுமதிக்கப்பட்டுள்ளனவா என்று பார்த்த பிறகே வாங்குங்கள்.

பதில்: பாதுகாப்புப் பொறியாளர், சென்னை

எச்.சி. கேஸ் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை, அதனால் நான் எழுதுகிறேன். அந்தப் பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் புரொப்பேன். குளிரூட்டியாக அது மிகச் சிறந்தது, வெப்பமாக்கும் திறனும் மிகக் குறைவு. அதற்கென்றே வடிவமைத்த, சில நூறு கிராம் மட்டும் கொள்ளும் கடைப் பெட்டிகளில் அதை நான் மனமார ஆதரிக்கிறேன். ஆனால் உங்கள் அறையின் கணக்கைப் பாருங்கள். ஒரு கன மீட்டர் காற்றில் 38 கிராம் புரொப்பேன் கலந்தாலே தீப்பிடிக்கும் எல்லை வந்துவிடும். 90 கன மீட்டர் அறை முழுவதும் பரவி அந்த எல்லையைத் தொட 3.4 கிலோ போதும். உங்கள் சிஸ்டத்திலோ அதைவிட அதிகம் இருக்கும். புரொப்பேன் காற்றைவிடக் கனமானது என்பதால், தரையோரத்தில் அந்த எல்லை இன்னும் சீக்கிரம் வரும். கதவு மூடிய அறை, உள்ளே டீஃப்ராஸ்ட் ஹீட்டர், விசிறி மோட்டார், விளக்குச் சுவிட்ச், அவற்றுக்கு நடுவே பெட்டி அடுக்கும் தொழிலாளர்கள். ஆர்-22-க்காகக் கட்டிய சிஸ்டத்தில் புரொப்பேனைப் போடச் சொல்பவரை அந்த அறைக்குள் அனுமதிக்காதீர்கள்.

தட்டுப்பாட்டுக் காலத்தில் போலிச் சிலிண்டர்களும் வரும். 2011-ல் மெத்தில் குளோரைடு கலந்த போலி ஆர்-134ஏ ஏற்றப்பட்ட கப்பல் குளிர்க் கண்டெய்னர்கள் வெடித்து உயிர்கள் போயின. அந்த வாயு அலுமினியத்துடன் வினைபுரிந்து, காற்று பட்டாலே எரியும் பொருளை உண்டாக்கும். பில்லும் பேட்ச் எண்ணும் இல்லாத சிலிண்டரை மலிவு என்பதற்காக வாங்க வேண்டாம்.

கேள்வி கேட்டவரின் மறுமொழி

அனைவருக்கும் மிக்க நன்றி. எவாப்பரேட்டரின் உறையைக் கழற்றிப் பார்த்ததில், திருநெல்வேலி நண்பர் சொன்னபடியே இரண்டு வளைவுகளில் பச்சையும் ஆயில் கறையும் இருந்தன. கம்ப்ரசர் பட்டியலில் ஆர்-449ஏ அனுமதிக்கப்பட்டிருக்கிறது. கேஸ் ஏற்றும்போதும் அதற்குப் பிறகும் எவற்றைக் கவனிக்க வேண்டும்? மேலும், பனிக்கட்டித் தொழிற்சாலைகளில் இருப்பதுபோல அம்மோனியாவுக்கே போய்விடலாமா?

பதில்: குளிர்பதனப் பொருத்துநர், திருநெல்வேலி

அம்மோனியா செம்பை அரிக்கும் என்பதால் உங்கள் குழாய், காயில், கம்ப்ரசர் எதுவுமே அதற்கு உதவாது; எல்லாவற்றையும் இரும்பில் புதிதாகப் போட வேண்டும். பெரிய ஐஸ் பிளாண்டுக்கு அது கட்டுப்படியாகும், இரண்டு அறைக்கு ஆகாது. கார்பன் டை ஆக்சைடு சிஸ்டமும் 31 டிகிரிக்கு மேல் திரவமாகாது, நம் ஊர் வெயிலில் அதற்குத் தனி அமைப்பும் உயர்ந்த பிரஷரைத் தாங்கும் பாகங்களும் தேவை. உங்கள் கம்ப்ரசர் நன்றாக இருக்கும்வரை ஆர்-449ஏ போதும்.

பழுதான காயிலைப் பற்றவைத்து ஓட்டுவதைவிட, மேற்பூச்சு உள்ள புதிய காயிலாகவே மாற்றிவிடுங்கள். அரிப்பு இரண்டு வளைவோடு நின்றிருக்காது. மாற்றும் முன், இன்றைய சக்ஷன், டிஸ்சார்ஜ் பிரஷர், ஆம்பியர், சூப்பர்ஹீட், அறை இறங்க எடுக்கும் நேரம் எல்லாவற்றையும் எழுதி வைக்கவும். அது இல்லாவிட்டால், பிறகு அறை சரியாகக் குளிரவில்லை என்ற சந்தேகம் வந்தால் ஒப்பிட எதுவும் இருக்காது.

ஆர்-22-ஐ ரிக்கவரி இயந்திரம் வைத்து எடுத்து, ஈரத்தையும் அழுக்கையும் பிடிக்கும் புதிய ஃபில்டர் டிரையர் போட்டு, வேக்கம் 500 மைக்ரானுக்கு (உள்ளே மிச்சமிருக்கும் அழுத்தத்தின் அளவு) கீழே போய் அங்கேயே நிற்கிறதா என்று மைக்ரான் கேஜில் பாருங்கள். ஆர்-449ஏ பல கேஸ்களின் கலவை என்பதால் சிலிண்டரிலிருந்து திரவமாகத்தான் எடுக்க வேண்டும். ஆவியாக எடுத்தால் லேசான பாகம் முதலில் வந்து கலவை கெட்டுவிடும். எடை மெஷினில் வைத்து, பழைய அளவில் 85 விழுக்காட்டில் தொடங்கி மெல்ல ஏற்றவும். சைட் கிளாஸில் குமிழி மறையும்வரை ஏற்றும் பழைய பழக்கம் இங்கே உதவாது, அளவு மீறிப் போய்விடும்.

கலவை கேஸில் ஒரே பிரஷருக்கு இரண்டு வெப்பநிலை உண்டு. சூப்பர்ஹீட் பார்க்க டியூ பாயிண்ட் (கேஸ் முழுவதும் ஆவியாகி முடியும் வெப்பநிலை), சப்கூலிங் (திரவமான பிறகு மேலும் குளிர்ந்த அளவு) பார்க்க பபிள் பாயிண்ட் (திரவம் கொதிக்கத் தொடங்கும் வெப்பநிலை). இரண்டுக்கும் நடுவே 4 முதல் 6 டிகிரி வரை இடைவெளி இருப்பதால், மாற்றிப் பார்த்தால் எவாப்பரேட்டருக்குத் திரவத்தை அளந்து விடும் எக்ஸ்பான்ஷன் வால்வைத் தேவையில்லாமல் திருகி, திரவத்தைக் கம்ப்ரசருக்குள் அனுப்பிவிடுவீர்கள். வால்வு பொருந்துமா என்று உற்பத்தியாளரின் அட்டவணையில் பாருங்கள்.

பிரஷர் கட்-அவுட்டையும் (பிரஷர் மீறினால் கம்ப்ரசரை நிறுத்தும் சுவிட்சின் அளவையும்) மாற்ற வேண்டும். 50 டிகிரி கண்டன்சிங்கில் ஆர்-22 சுமார் 267 பி.எஸ்.ஐ., ஆர்-404ஏ சுமார் 320. ஆர்-449ஏ அந்த மேல் எண்ணுக்கு அருகில் நிற்கும். ரிசீவரின் பெயர்ப்பலகையில் உள்ள தாங்குதிறனையும் ரிலீஃப் வால்வையும் பார்த்த பிறகே கட்-அவுட்டை உயர்த்தவும். கண்டன்சரில் உப்பும் தூசியும் அடைத்திருந்தால் முதலில் கழுவுங்கள். டிஸ்சார்ஜ் குழாயில் கம்ப்ரசரிலிருந்து 15 சென்டிமீட்டர் தள்ளி அளந்த வெப்பம் 107 டிகிரியைத் தாண்டக் கூடாது. ஆர்-22-ஐவிட இதில் அது குறைவாகவே இருக்கும், தாண்டினால் கண்டன்சரையோ சூப்பர்ஹீட்டையோ சந்தேகியுங்கள்.

முதல் மாதத்தில் வாரம் ஒருமுறை எல்லா இணைப்பையும் லீக் டிடெக்டரால் சோதித்து, டிரையரை மறுபடி ஒருமுறை மாற்றவும். பி.ஓ.இ. பழைய அழுக்கைக் கழுவிக்கொண்டு வரும். கம்ப்ரசரின் மேல் கேஸின் பெயர், ஆயிலின் வகை, எடை, தேதி எழுதிய ஸ்டிக்கரை ஒட்டுங்கள். நீங்கள் ஊரில் இல்லாத நாளில் வருகிறவர் ஆர்-22 சிலிண்டரோடு வந்துவிடக் கூடாது.

எடுத்த ஆர்-22-ஐத் தனிச் சிலிண்டரில் பெயர் எழுதி வையுங்கள். சுத்திகரிக்கும் நிலையத்துக்குக் கொடுத்தால், இன்னும் ஆர்-22-இல் ஓடும் வேறொரு அறைக்கு அது பயன்படும்.