1.2 மி.மீ. தகட்டில் போர் விளையாட்டுத் தலைக்கவசம் செய்யலாமா?

வெள்ளவத்தைவாசி:
ரொறன்ரோவில் இருக்கும் ஒன்றுவிட்ட அண்ணா ஒருவர் எஸ்.சி.ஏ. என்ற அமைப்பில் மத்தியகாலப் போர் விளையாட்டு ஆடுகிறார். 1966இல் கலிபோர்னியாவின் பெர்க்லியில் தொடங்கிய அமைப்பு. உருக்குக் கவசம் அணிந்துகொண்டு பிரம்பு வாளால் உண்மையாகவே அடித்துக்கொள்வார்கள். வரும் கோடையில் நானும் போகிறேன். தலைக்கவசத்தைக் கொழும்பிலேயே செய்வித்துக் கொண்டுபோகலாம் என்று, கிராண்ட்பாஸில் ஒரு டிங்கர் பாஸிடம் படத்தைக் காட்டினேன். வாளியைக் கவிழ்த்ததுபோல் தட்டை உச்சியுள்ள வகை. 1.2 மி.மீ. தகட்டில் ஒரு கிழமையில் முடித்துத் தருகிறாராம். நாகம் (துத்தநாகம்) பூசிய தகடு என்பதால் கறளும் பிடிக்காதாம். நம்பிக் கொடுக்கலாமா?

கொட்டாஞ்சேனை டிங்கர்:
தம்பி, அந்தத் தகட்டில் வேண்டாம். பாஸைக் குறை சொல்லவில்லை. கார்க் கதவுத் தகடு 0.8 மி.மீ. அளவில்தான் இருக்கும், அதைத் தட்டிப் பழகிய கைக்கு 1.2 என்பதே தடித்த தகடு. ஆனால் எஸ்.சி.ஏ. விதிப்படி தலைக்கவசத்துக்குக் குறைந்தது 16 கேஜ், அதாவது 1.6 மி.மீ. உருக்கு வேண்டும். தட்டத் தட்டத் தகடு மெலியும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தகட்டைக் கிண்ணம்போல் குழிக்கும்போது நடுப்பகுதிதான் அதிகம் மெலிகிறது, அடி விழுவதும் அங்கேதான். உச்சிக்கு 2 மி.மீ. வாங்குங்கள், பக்கங்களுக்கு 1.6 போதும்.

நாகம் பூசியதை இந்த வேலைக்குத் தொடவே கூடாது. இடையிடையே சிவக்கக் காய்ச்ச வேண்டும், வெல்டிங்கும் உண்டு. அந்தச் சூட்டில் நாகம் வெண்புகையாகக் கிளம்பும். சுவாசித்தவருக்கு அன்றிரவே குளிரும் காய்ச்சலும்தான். பால் குடித்தால் சரியாகிவிடும் என்று பட்டறைகளில் சொல்வார்கள். பால் வீணாவதுதான் மிச்சம். பழைய சோனகத் தெருவில் கறுப்புத் தகடு, அதாவது பூச்சில்லாத உருக்குத் தகடு என்று கேளுங்கள். கடைக்காரர் சொல்லும் கேஜை அப்படியே நம்பாமல் வேணியர் அளவுகோலால் தடிப்பை அளந்து வாங்குங்கள்.

தட்டை உச்சி பார்க்க அழகு. மேலிருந்து இறங்கும் அடி வழுக்கிப் போக அதில் வழியில்லை, முழுவதும் கழுத்துக்குப் போய்ச் சேரும். 13ஆம் நூற்றாண்டில் அதை அணிந்த ஐரோப்பியர்களே 14ஆம் நூற்றாண்டில் உச்சியைக் கூம்பாக்கிக்கொண்டார்கள். உங்களுக்கு மட்டும் ஏன் வாளி?

இனி அளவு. பெரும்பாலும் வேலை கெடுவது இங்கேதான். நெற்றிச் சுற்றளவு 57 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். உள்ளே சுற்றிவர 15 மி.மீ. நுரைத்திண்டு வைத்தால் 3 செ.மீ. கூட்டினால் போதும் என்பார்கள். அது விட்டத்தின் கணக்கு. சுற்றளவில் 9 செ.மீ.க்கு மேல் கூடும், ஆகவே உள்சுற்றளவு 66 செ.மீ.யைத் தாண்ட வேண்டும். தலை வட்டமும் அல்ல, முன்பின்னாக நீண்டது. காட்போட் மட்டையில் வெட்டி, திண்டோடு தலையில் போட்டுப் பார்த்த பிறகே தகட்டில் கோடு கீறச் சொல்லுங்கள்.

குழிப்பதற்குப் புளியங்குற்றியில் கிண்ணமளவு பள்ளம் குடைந்தால் போதும். தகட்டைச் சாய்த்துப் பிடித்து, உருண்டை முகச் சுத்தியலால் வெளி விளிம்பில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வர வேண்டும். விளிம்பில் கொசுவம் விழும். விழுந்த உடனே தட்டி அமர்த்திவிட வேண்டும். மடிந்துவிட்டால் பிறகு அந்த இடத்தில்தான் வெடிக்கும். தகடு இறுகியதும் சுத்தியல் துள்ளும், ஓசை கணீரென்று மாறும். அப்போது நிறுத்தி, சிவக்கக் காய்ச்சி, தண்ணீர் காட்டாமல் தானாக ஆறவிட வேண்டும். இதையெல்லாம் ஒரு கிழமையில் முடிப்பேன் என்பவர் எதை விட்டுவிடப் போகிறார் என்று கேட்டுப் பாருங்கள்.

ஸ்காபரோ அக்கா:
ஐயா சொன்னது அத்தனையும் சரி. நானும் இங்கே ஆடுகிறேன். களத்தில் இறங்குமுன் மார்ஷல் ஒருவர் உங்கள் தலைக்கவசத்தைச் சோதிப்பார். முகக் கம்பிகளுக்கிடையே 1 அங்குல விட்டமுள்ள தடி நுழையக் கூடாது. முகக்காப்பு நாடிக்குக் கீழே 1 அங்குலமாவது இறங்க வேண்டும். உள்ளே அரை அங்குலத் திண்டு, நாடிப்பட்டி இரண்டும் கட்டாயம். ரிவெட் முனை எதுவும் உள்ளே துருத்தக் கூடாது. இவை பிரம்பு ஆட்டத்துக்கான விதிகள். மழுங்கிய உருக்கு வாளால் ஆடும் புகுர்ட் வேறு விளையாட்டு, அதற்கு விதிகளும் வேறு. குரல்வளையையும் பிடரியையும் மறைக்கும் கழுத்துக்காப்பையும் அந்த பாஸிடமே செய்வித்துவிடுங்கள்.

வாளுக்கு ஒன்றேகால் அங்குலத்துக்குக் குறையாத பிரம்பு வேண்டும். கண்டி வீதியில் வேவல்தெனியவைக் கடக்கும்போதெல்லாம், இவ்வளவு பிரம்பையும் கதிரையாக்குகிறார்களே என்று எனக்கு வயிறு எரியும்.

வெள்ளவத்தைவாசி:
நன்றி ஐயா, நன்றி அக்கா. கூம்பு உச்சிதான் இனி. ஆனால் என் வீடு கடற்கரைப் பக்கம். கறுப்புத் தகடு இரண்டு நாளில் கறள் பிடித்துவிடாதா? ஸ்டெயின்லெஸ் தகட்டில் செய்யலாமா?

கொட்டாஞ்சேனை டிங்கர்:
செய்யலாம். ஆனால் 304 என்ற ஸ்டெயின்லெஸ் ரகத் தகடு சுத்தியல் பட்டதும் விரைவில் இறுகும். உழைப்பு கூடும், கூலியும் கூடும். முதல் தலைக்கவசத்துக்கு அது தேவையில்லை. கறுப்புத் தகட்டையே எடுத்து, வெளியே பெயின்ற் அடித்து, உள்ளே தையல் மெஷின் எண்ணெய் பூசுங்கள். கடற்காற்றைவிட உங்கள் வியர்வைதான் பெரிய எதிரி. ஆடி முடிந்ததும் திண்டைக் கழற்றித் தனியே காய வையுங்கள்.

முகக் கம்பியோடு எடை 3 கிலோவைத் தாண்டும். விமானத்தில் கைப்பையில் வைக்காமல் பெட்டியில் போடுங்கள். உள்ளே உடுப்பைத் திணித்துவிட்டால் இடமும் வீணாகாது.