சிகிச்சை முடிந்தும் விடாத அசதி: போன் வழியாகப் பார்த்துக்கொண்டவர்கள் அனுபவம் சொல்லுங்கள்

காரைக்குடிப் பக்கத்து ஆசிரியை:

எனக்கு மார்பகப் புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, கரண்ட் (கதிர்வீச்சு) எல்லாம் முடிந்துவிட்டது, இப்போது ஹார்மோன் மாத்திரை மட்டும்தான். ரிப்போர்ட் சுத்தமாக வந்த அன்றே "பெரிய கண்டம் தாண்டியாச்சு, இனி என்ன" என்று சொந்தக்காரர்கள் அவரவர் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள். அசதி மட்டும் போகவில்லை.

வேலை செய்து வரும் களைப்பு இல்லை இது. ராத்திரி நன்றாகத் தூங்கினாலும் காலையிலேயே உடம்பு அடித்துப் போட்ட மாதிரி இருக்கும். கரும்பலகையில் நாலு வரி எழுதுவதற்குள் கை தானாக இறங்கிவிடும். பாடம் நடத்தும்போது நன்றாகத் தெரிந்த சொல்லே வாயில் வராமல் நிற்கும், முன் பெஞ்சுப் பிள்ளைகள்தான் எடுத்துக் கொடுப்பார்கள். "படுத்தே கிடந்தா அசதி இருக்கத்தான் செய்யும்" என்பார் என் மாமியார். அவரையும் குறை சொல்வதற்கில்லை. முடிகூட வளர்ந்துவிட்டது, பார்ப்பவர்களுக்கு எனக்கு என்ன குறை தெரியும்?

டாக்டரிடம் சொல்ல வேண்டியதுதானே என்பீர்கள். ராத்திரி ரயில் ஏறிச் சென்னைக்குப் போய், ஓபியில் பாதி நாள் காத்திருந்து உள்ளே போனால், மேசையில் என் ஃபைல், கதவுக்கு வெளியே கூட்டம். "எப்படி இருக்கீங்கம்மா?" "நல்லா இருக்கேன் டாக்டர்." வேறு என்ன வரும் வாயில்? அப்போதுதான் கீமோ ஏற்றி முடித்து, கையில் பிளாஸ்திரியோடு உட்கார்ந்திருப்பவரைத் தாண்டித்தான் உள்ளே போயிருப்பேன். எனக்கு அசதி என்று சொல்லவே கூச்சமாக இருக்கும்.

அப்புறம் நடுவில் வரும் ரிவ்யூக்களை வீடியோவில் வைத்துக்கொள்ளலாம் என்றார்கள். மதியம் மூன்று மணிக்கு அழைப்பு. என் மோசமான நேரமே அதுதான். திரையில் என் முகத்தைப் பார்த்ததுமே டாக்டர், "இப்பதான் படுத்து எழுந்தீங்களா? தினமும் இப்படித்தானா?" என்று கேட்டார். சென்னைக்குப் போகும்போது பட்டுப்புடவை இல்லாவிட்டாலும் ஒரு தேய்த்த புடவை, பொட்டு, சிரிப்பு எல்லாம் இருக்கும். வீட்டில் அது எதுவும் இல்லை. எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். "0 என்றால் அசதியே இல்லை, 10 என்றால் இதற்கு மேல் முடியாது. நீங்கள் எத்தனை?" என்றார். 7 என்றேன். 4-ஐத் தொட்டாலே காரணம் தேட வேண்டும் என்று சொல்லி, ஹீமோகுளோபின், தைராய்டு, சர்க்கரை, பி12 எல்லாம் எங்கள் ஊர் லேபிலேயே பார்க்கச் சொன்னார். ரிசல்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். ரத்தம் கொஞ்சம் கம்மி, அதற்கு மருந்து கொடுத்தார். மற்றதெல்லாம் சரியாக இருந்தது. பிறகு வாரம் ஒருமுறை வீடியோவில் ஒரு பிசியோதெரபிஸ்ட் வந்தார்.

போனைப் பருப்பு டப்பாவில் சாய்த்து வைத்துவிட்டு, கைகளை மார்பில் குறுக்காகக் கட்டிக்கொண்டு, நாற்காலியிலிருந்து ஊன்றாமல் எழுந்து உட்கார வேண்டும். 30 விநாடியில் எத்தனை முறை முடிகிறது என்று அவர் எண்ணுவார். முதல் நாள் நான் எழுவதற்கு முன்பே, "நிறுத்துங்க, நாற்காலி வழுக்குது. சுவரோட ஒட்டிப் போடுங்க" என்றார். அப்புறம் சமையலறையைக் காட்டச் சொன்னார். அடுப்பு, பாத்திரம் தேய்க்கும் தொட்டி, அரிசி டின் எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, ஒரு உயரமான ஸ்டூல் போட்டு, நின்று செய்யும் வேலையில் பாதியை உட்கார்ந்து செய்யச் சொன்னார். எந்த ஓபி அறையிலிருந்து என் அடுப்படி தெரியப்போகிறது?

தினமும் ராத்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் அனுப்ப வேண்டும். காலை, மதியம், ராத்திரி அசதிக்கு ஒரு எண், அன்று செய்த வேலை, அவ்வளவுதான். அதைக் கேட்டு அவர்தான் கண்டுபிடித்தார். உடம்பு கொஞ்சம் தேவலை என்று தோன்றும் நாளில் வீடு கழுவி, போர்வை துவைத்து, அலமாரி அடுக்கி, எல்லாவற்றையும் ஒரே மூச்சில் செய்துவிடுவேன். அடுத்த இரண்டு நாள் படுக்கைதான். "நல்ல நாள்ல பாதியோட நிறுத்துங்க. மோசமான நாள்லயும் பத்து நிமிஷம் நடங்க" என்றார். பாதி கழுவிய வீட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது இருக்கிறதே, அதைவிடக் கீமோ தேவலை! நடையை மெதுவாக அரை மணி வரை கொண்டுவந்தோம். நடக்கும்போது பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது, அந்த வேகம் போதும் என்றார்.

இப்போது பெரும்பாலும் 3, சில நாள் 4. முழுதாகப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். உங்களுக்கு எப்படி?

மஸ்கட்டிலிருந்து, தஞ்சாவூரில் இருக்கும் அப்பாவுக்காக:

டீச்சர், எங்கள் கதை கொஞ்சம் வேறு. அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய், கழுத்துக்குக் கரண்ட் வைத்தார்கள். முடிந்து ஒரு வருடத்துக்கு மேல் நன்றாகத்தான் இருந்தார். பிறகு நாள் முழுக்கத் தூக்கம், மலச்சிக்கல், சித்திரை வெயிலிலும் போர்வை கேட்பார். வயசாகிவிட்டது என்று அம்மா நினைத்தார். நோய் திரும்பிவிட்டதோ என்று நான் பயந்தேன், ஆனால் போனில் அதை வாய்விட்டுச் சொல்லவில்லை.

வீடியோ அழைப்பில் நான் இங்கிருந்து, அப்பா அங்கிருந்து, டாக்டர் இன்னொரு ஊரிலிருந்து சேர்ந்தோம். போர்வை விஷயத்தைக் கேட்டதுமே டாக்டர் "டிஎஸ்எச் கடைசியா எப்ப பார்த்தீங்க?" என்றார். தைராய்டுக்கான ரத்தப் பரிசோதனை அது. கழுத்தில் கதிர்வீச்சு பட்டவர்களுக்குத் தைராய்டு மெதுவாகக் குறைந்துகொண்டே வரலாம், அது மாதங்கள், வருடங்கள் கழித்துக்கூட வெளிப்படும், அதனால் ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் ஒருமுறையாவது பார்க்க வேண்டும் என்றார். பார்த்தோம், தைராய்டு குறைந்தால் இந்த டிஎஸ்எச் ஏறுமாம், எக்கச்சக்கமாக ஏறியிருந்தது. தைராக்சின் மாத்திரை ஆரம்பித்துச் சில வாரங்களில் அப்பா மறுபடியும் காலையில் பெரிய கோயில் வரை நடந்துவிட்டு வர ஆரம்பித்தார்.

இதில் போன் செய்த வேலை சரியான டெஸ்டைக் கேட்டதுதான். ஆனால் அதைக் கேட்க ஆள் கிடைக்கவே, அதற்கு முன்பெல்லாம் நான் லீவு போட்டு வர வேண்டியிருந்தது. இங்கே கழுத்துக்குக் கரண்ட் வைத்த யாராவது இருந்தால் தைராய்டை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

தருமபுரி மருமகள்:

எல்லோரும் நல்லதாகவே சொல்கிறீர்கள். நான் மறுபக்கத்தைச் சொல்கிறேன்.

மாமியாருக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் சிகிச்சை முடிந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். தினமும் காலையில் "இன்று எப்படி உணர்கிறீர்கள்" என்று கேட்டு, ஐந்து முகம் காட்டும், ஒன்றைத் தொட வேண்டும். மாமியார் எப்போதும் சிரிக்கிற முகத்தைத்தான் தொடுவார். ஏன் அத்தை என்றால், "அழுவுற மூஞ்சிய தொட்டா அவங்க என்ன நினைப்பாங்க" என்கிறார். அதைத் தொட்டாலும் அந்தப் பக்கம் யாரும் பார்த்ததாகத் தெரியவில்லை, "வாழ்த்துகள்" என்றுதான் வரும். போகப்போக அதைத் திறப்பதையே விட்டுவிட்டோம்.

வீடியோ அழைப்பும் வந்தது. ஆனால் போன் என்னுடையது, டவர் வீட்டுத் திண்ணையில்தான் கிடைக்கும். திண்ணையில் உட்கார்ந்தால் மாமனார், கொழுந்தனார், பக்கத்து வீட்டு அக்கா எல்லோரும் இருப்பார்கள். ஸ்பீக்கரில் போடு, நாங்களும் கேட்கிறோம் என்பார்கள். தூக்கம் வரலையா, மனசு எப்படி இருக்கு, வீட்டுக்காரரோடு பேசுகிறீர்களா என்று அந்தப் பக்கத்தில் கேட்டால் அத்தை என்ன பதில் சொல்வார்? "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று போனை என்னிடம் நீட்டிவிடுவார். டீச்சருக்கு ஓபியில் நடந்ததுதான் இவருக்குத் திண்ணையில் நடக்கிறது.

எங்களுக்கு உதவியது மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே வந்த பிசியோதான். அவர் வந்தால் ஆண்கள் தாமாக வெளியே போய்விடுகிறார்கள்.

வேலூர்ப் பக்கத்திலிருந்து, இந்த அழைப்புகளைச் செய்யும் நர்ஸ்:

தருமபுரித் தங்கச்சி சொன்னதைத் தினமும் பார்க்கிறேன். ஸ்பீக்கர் சத்தம் எங்களுக்கே தெரியும். அதனால் நான் முதலில் "ஆமாம், இல்லை என்று சொன்னால் போதும்" என்கிற கேள்விகளாகத்தான் கேட்பேன். பிறகு யாரும் இல்லாத நேரம் எது என்று கேட்டு அந்த நேரத்தில் அழைப்பேன், வீடியோ இல்லாமல் வெறும் போனாக. வீடியோவைவிடச் சாதாரணப் போனில் மனசு விட்டுப் பேசுகிறவர்கள் நிறையப் பேர். நீங்களும் நேரத்தை மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள், கேட்டால் தருவார்கள்.

ஆப் பற்றி. நெதர்லாந்தில் 2017-ல் வெளியான ஒரு ஆய்வில், அசதி தீராத புற்றுநோயாளிகளை மூன்று பிரிவாக்கி இணையம் வழியாக ஒன்பது வாரம் பார்த்தார்கள். ஒரு பிரிவுக்கு நடமாட்டத்தை அளக்கும் கருவியும், வாராவாரம் பிசியோதெரபிஸ்டின் பதிலும். இன்னொன்றுக்கு மனநல நிபுணர் துணையோடு மனப் பயிற்சி. மூன்றாவதற்குத் தகவல் மின்னஞ்சல்கள் மட்டும். முதல் இரண்டிலும் அசதி நன்றாகக் குறைந்தது, தகவல் மட்டும் வாங்கியவர்களுக்கு அவ்வளவு இல்லை. அந்தப் பக்கம் ஆள் இருந்தால்தான் இது வேலை செய்யும் என்று நான் இதை வைத்துத்தான் எங்கள் ஆட்களோடு சண்டை போடுகிறேன்.

"சத்து ஊசி போடுங்க சிஸ்டர், எழுந்து உட்கார்ந்திடுவேன்" என்பவர்களுக்கும் ஒன்று. அதே 2017-ல் 113 ஆய்வுகளை, மொத்தம் 11,000-க்கு மேற்பட்ட நோயாளிகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். உடற்பயிற்சியும் மனநலச் சிகிச்சையும்தான் அசதியைக் குறைத்தன, மாத்திரைகள் அவற்றின் பக்கத்தில்கூட வரவில்லை. ரத்தசோகை, தைராய்டு மாதிரி காரணம் இருந்தால் அதற்கு மருந்து உண்டு. அசதிக்கென்றே விற்கிற லேகியம், பவுடர் எதையும் உங்கள் டாக்டரைக் கேட்காமல் எடுக்காதீர்கள்.

போனில் தீராதது எது என்பதையும் சொல்லிவிடுகிறேன். கீமோ ஓடும்போது காய்ச்சல் 100.4-ஐத் தொட்டாலே என் அழைப்புக்குக் காத்திருக்கக் கூடாது, நேரே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூச்சு வாங்குவது, நெஞ்சு வலி, ஒரு கால் மட்டும் வீங்குவது, புதிதாக முதுகுவலி வந்து கால் வலு குறைவது, பேச்சு குழறுவது, எல்லாமே அப்படித்தான். வலிக்கு மார்ஃபின் எடுப்பவர்கள் வீடியோவில் சீட்டு எழுதித் தரச் சொல்லிக் கோபப்படுகிறார்கள். மார்ச் 2020-ல் வந்த டெலிமெடிசின் விதிகளில் அதற்கு அனுமதியில்லை, டாக்டர் நினைத்தாலும் முடியாது.

மனசு பாரமாக இருந்தால் அரசின் மனநல உதவி எண் டெலி மானஸ் 14416, தமிழிலேயே பேசலாம், இலவசம், ராத்திரியிலும் எடுப்பார்கள்.

கோவை, லிம்போமா (நிணநீர்ப் புற்றுநோய்):

நர்ஸ் அக்கா, மனப் பயிற்சி என்றீர்களே, எனக்கு வேலை செய்தது அதுதான். ராத்திரி தூக்கம் வராமல் பகலில் மூன்று மணி நேரம் தூங்குவேன், அதனால் மறுபடி ராத்திரி தூக்கம் வராது. போனில் பேசிய சைக்காலஜிஸ்ட் பகல் தூக்கத்தை அரை மணிக்குக் குறைத்து, மூன்று மணிக்குமேல் படுக்கவே கூடாது என்று சொல்லிவிட்டார். தூக்கம் வந்தால்தான் படுக்கைக்குப் போக வேண்டும், போனோடு போகக் கூடாது, எப்போது தூங்கினாலும் காலை 6 மணிக்கு எழ வேண்டும். முதல் வாரம் நரகம். அதற்குப் பிறகுதான் நடைப்பயிற்சிக்கே தெம்பு வந்தது. ஆபீசில் இன்னும் "ரிப்போர்ட் நார்மல்தானே, ஏன் டயர்டு?" என்கிறார்கள். டாக்டரிடம் கடிதம் வாங்கி வீட்டிலிருந்து வேலைக்கு மாற்றிக்கொண்டேன்.

காரைக்குடிப் பக்கத்து ஆசிரியை:

தம்பி, அந்தக் கடித விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. கடைசி பீரியடை மாற்றிக் கேட்கலாம், எனக்கு மூன்று மணிதானே சிக்கல். அடுத்த அழைப்பில் கேட்கிறேன்.

தருமபுரி மருமகள்:

சிஸ்டர் சொன்னபடி ஆஸ்பத்திரிக்குப் போன் செய்து நேரத்தை மாற்றித் தரச் சொன்னேன். வெள்ளிக்கிழமை காலை 11 மணி தந்திருக்கிறார்கள், வீடியோ இல்லாமல். அந்த நேரம் எல்லோரும் தோட்டத்தில் இருப்பார்கள், நான் போனைக் கொடுத்துவிட்டு மாட்டுக்குத் தண்ணி காட்டப் போய்விடலாம் என்று இருக்கிறேன். அந்த ஆப்பை அழித்துவிட்டேன்.